புல் முளைக்குத் தொப்பி போட்ட டார்வின்

தஞ்சை வயல்களில் நடவு முடிந்து மூன்று வாரம் ஆனதும், '2,4-டி' என்ற களைக்கொல்லியைச் சிலர் தெளிப்பது உண்டு. ஆரை, நீர்மேல்நெருப்பு போன்ற அகன்ற இலைக் களைகள் முறுக்கிக்கொண்டு சாகும். பக்கத்தில் நிற்கும் நெல்லோ பிழைத்துக்கொள்ளும்! இந்த அதிசயத்துக்கு முதல் வழி காட்டியவர், சார்லஸ் டார்வின்.

டாக்டர் மகன்

டார்வின் 1809-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை டாக்டர். மகனையும் டாக்டருக்குப் படிக்க அனுப்பினார். ஆனால் அறுவைச் சிகிச்சையைப் பார்க்க டார்வினுக்கு மனம் தாங்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டார்.

1831-ல் 'பீகிள்' என்ற கப்பலில் ஏறி, 5 ஆண்டு உலகைச் சுற்றினார். உயிரினங்கள் எப்படி மாறி வந்தன என்று 1859-ல் அவர் எழுதிய நூல், உலகையே உலுக்கியது.

தொப்பி சோதனை

பல ஆண்டுகளாக நோய் அவரை வாட்டியது. ஆனாலும் ஆராய்ச்சியை விடவில்லை. முளைகள் ஏன் வெளிச்சத்தின் பக்கம் வளைகின்றன என்று, முதுமையில் ஆராயத் தொடங்கினார்.

மகன் பிரான்சிசும் துணை நின்றார். புல் முளையின் நுனிக்கு, வெளிச்சம் புகாத சிறு தொப்பி போட்டார்கள். முளை வளையவில்லை! நுனியைத் திறந்துவிட்டு அடியை மறைத்தார்கள். வளைந்தது! வெளிச்சத்தை உணர்வது நுனி. வளைவது அதற்குக் கீழே. அப்படியானால், நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது. இதை 1880-ல் நூலாக எழுதினார்கள்.

ஜெர்மனியின் பெரிய தாவர விஞ்ஞானி சாக்ஸ், டார்வினின் சோதனைகளைக் குறை கூறினார். 1882-ல் டார்வின் காலமானார்.

வென்றது யார்?

1926-ல் நெதர்லாந்து இளைஞர் வென்ட், அந்தப் பொருள் இருப்பதை நிரூபித்தார். அதுதான் 'ஆக்சின்' என்ற வளர்ச்சி ஹார்மோன். அதைப்போல் வேலை செய்யும் 2,4-டி, 1940-களில் களைக்கொல்லியாக வந்தது. அது அளவு மீறி ஏறினால், அகன்ற இலைச் செடி தாறுமாறாக வளர்ந்து மடியும். நெல் புல் இனம், ஆகவே தாங்கிக்கொள்ளும். குதிரைவாலிப் புல்லும் அதனாலேயே தப்பிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! காற்றில் பறந்து பக்கத்து உளுந்திலோ பருத்தியிலோ பட்டால், அவையும் முறுக்கிக்கொள்ளும். பிறகு மீட்பது கடினம்.

ஒரு சிறு முளையை அந்தக் கிழவர் அவ்வளவு பொறுமையாகப் பார்த்தார். மருந்து தெளிக்குமுன் அளவையும் காற்றையும் நாம் ஒரு நிமிடம் பார்க்கக் கூடாதா?