பண்டிதர் பிரான்ஸ் போவாஸ்

ஆளப் பிறந்த இனம், அடங்கப் பிறந்த இனம் என்ற பேதம் ஒரு காலத்தில் வெறும் வீம்புப் பேச்சாக இருக்கவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க சர்வகலாசாலைகளில் சாஸ்திரத்தின் பெயராலேயே அது போதிக்கப்பட்டது. மண்டையோட்டை அளந்தார்கள்; நம் போன்ற தேசத்தாரைக் கீழ்ப்படியில் நிறுத்தினார்கள். அந்த அளவுகளையே குறுக்கு விசாரணை செய்து, கண்ட உண்மையைப் பாமரரும் அறியச் சொன்னவர் பிரான்ஸ் போவாஸ்.

இவர் 1858ஆம் வருஷம் ஜெர்மனியில் மின்டன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கடல்நீரின் நிறத்தை ஆராய்ந்து 1881இல் கீல் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். நீரின் நிறத்தை ஆராய்ந்தவர் பின்னர் மனிதரின் நிறபேதத்தை ஆராயப் புகுந்தது விநோதமே. 1883இல் பூகோள ஆராய்ச்சிக்காகப் பனி மூடிய பாபின் தீவுக்குச் சென்று, இனூயிட் மக்களிடையே ஒரு வருஷம் வசித்தார். பசிக்காலத்திலும் கிடைத்ததைப் பகிர்ந்துண்ணும் அவர்களைக் கண்டதும், தம்மவரின் நாகரிகப் பெருமையில் அவருக்கு ஐயம் பிறந்தது. பிறகு அமெரிக்காவில் குடியேறி, பசிபிக் கரையில் வாழும் குவாக்கியூட்டில் மக்களின் கதைகளை அவர்களுடைய பாஷையிலேயே எழுதி வெளியிட்டார். 1899இல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியரானார்.

களங்கமும் உண்டு, அதை மறைத்தல் தகாது. கிரீன்லாந்திலிருந்து ஒருவரை அழைத்துவருமாறு அவர் கேட்டிருக்க, 1897இல் பியரி என்னும் யாத்திரிகர் ஆறு பேரை நியூயார்க் காட்சிசாலைக்குக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டுக்குள் நால்வர் நோயால் மாண்டனர். தந்தையை இழந்த சிறுவனின் கண்ணெதிரே பொய்யாக ஓர் அடக்கம் நடத்திவிட்டு, எலும்புகளைக் காட்சிசாலை வைத்துக்கொண்டது. போவாஸ் இதற்கு நியாயமும் கற்பித்தார். அவ்வெலும்புகள் தாயகம் திரும்பியது 1993இல்தான்.

ஆயினும் அவர் செய்த பேருபகாரம் அதனால் குறையாது. 1906இல் டூ பாய்ஸ் அழைப்பிற்கிணங்கி அட்லாண்டா சென்று, அடிமைகளின் சந்ததியாரான மாணவர்களுக்கு, ஆப்பிரிக்காவில் அவர்களுடைய முன்னோர் இரும்பு உருக்கியதையும் ராஜ்யங்கள் அமைத்ததையும் எடுத்துரைத்தார். தங்கள் பூர்வீகத்தைக் குறித்து வெட்கப்படவே கற்பிக்கப்பட்ட வாலிபர்களுக்கு அச்சொற்கள் எப்படியிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, மண்டையின் வடிவம் ஒரே தலைமுறையில் மாறக்கூடியது என்று காட்டினார். மனிதரின் புத்தி இனத்தைப் பொறுத்ததன்று என்று நிலைநாட்டும் நூலை 1911இல் வெளியிட்டார். சட்டசபையார் செவிசாய்த்தார்களில்லை, குடியேற்றத்தை இனவாரியாக ஒடுக்கும் சட்டம் 1924இல் நிறைவேறிற்று.

யுத்தகாலத்தில் சில பண்டிதர்கள் ஆராய்ச்சி என்ற பெயரில் மத்திய அமெரிக்காவில் ஒற்று வேலை செய்ததை 1919இல் பத்திரிகையில் பகிரங்கப்படுத்தினார். ஒற்றரைக் கண்டிக்க வேண்டிய மானிட சாஸ்திர சங்கமோ அவரைக் கண்டித்தது! 2005இல்தான் அக்கண்டனம் ரத்தாயிற்று.

1933இல் ஹிட்லரின் ஆட்கள் அவர் நூல்களையும் தீயிலிட்டனர். முதுமையிலும் அவர் வாய் மூடவில்லை. 1942 டிசம்பர் 21ஆம் தேதி, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பிரெஞ்சு அறிஞர் ரிவேயுடன் பகல் விருந்தில் பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார்.