கப்பலோடு தப்பிய அடிமை... சட்டமன்றம் வரை போன கதை! யார் இந்த ராபர்ட் ஸ்மால்ஸ்?

1862 மே 13, அதிகாலை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இருந்து 'பிளான்டர்' என்ற ராணுவக் கப்பல் கிளம்புகிறது. கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பவர் கேப்டன் இல்லை. 23 வயது அடிமை. பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். மாட்டினால் உயிர் மிஞ்சாது.

ஏன் இந்த ரிஸ்க்?

தென் கரோலினாவின் பியூஃபர்ட் ஊரில் 1839-ல் பிறந்தவர் ஸ்மால்ஸ். 12 வயதிலேயே சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். சம்பளம் முதலாளிக்கு, இவர் கையில் வாரம் 1 டாலர்தான். துறைமுக வேலையில் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டார். மனைவி, குழந்தையை மீட்க 800 டாலர் கேட்டார்கள். இவரிடம் இருந்ததோ சுமார் 100 டாலர்.

எப்படித் தப்பினார்?

உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாகாணங்களின் கப்பல்தான் பிளான்டர். அன்றிரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தூங்கப் போய்விட்டார்கள். அதுதான் சான்ஸ்! சக அடிமைகளுடன் கப்பலைக் கிளப்பி, வழியில் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டார். மொத்தம் 16 பேர். சம்டர் கோட்டையைக் கடக்கும்போது சரியான விசில் சிக்னல் கொடுத்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு வெள்ளைத் துணியை ஏற்றி, வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்.

அடுத்த ஆண்டே அதே பிளான்டருக்கு அவர்தான் கேப்டன்.

சட்டமன்றத்தில் என்ன செய்தார்?

போர் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. 20 வயதைத் தாண்டிய பிறகே எழுதப் படிக்கக் கற்றவர் ஸ்மால்ஸ். 1868-ல் மாகாணத்தின் புதிய அரசியல் சாசனத்தை எழுதும் மாநாட்டில் உறுப்பினரானார். அங்கே அவர் வலியுறுத்தியது, எல்லா பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம். அந்த சாசனத்தில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமையும் கிடைத்தது.

அதே ஆண்டு மாகாண கீழவை, 1870-ல் மேலவை, 1875-ல் அமெரிக்க நாடாளுமன்றம் என வளர்ந்தார். மாகாணப் படையில் மேஜர் ஜெனரல் பதவியும் வகித்தார்.

லஞ்ச வழக்கு

1877-ல், மேலவை உறுப்பினராக இருந்தபோது 5,000 டாலர் லஞ்சம் வாங்கியதாகத் தண்டிக்கப்பட்டார். அப்போது ஆட்சி எதிரணி கைக்குப் போயிருந்தது. இது அரசியல் பழிவாங்கல் என்றே அவரது ஆதரவாளர்கள் பார்த்தார்கள். 1879-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

கடைசிப் போராட்டம்

பெரிய அடி 1895-ல் விழுந்தது. கறுப்பினத்தவரின் ஓட்டைப் பறிக்கவே மீண்டும் ஒரு சாசன மாநாடு கூடியது. சுமார் 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் வெறும் 6 பேர். அதில் ஸ்மால்ஸும் ஒருவர்.

ஓட்டுப் போட படிக்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் சொத்து வேண்டும் என்று விதி வந்தது. ஒரு காலத்தில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக வைத்திருந்த மாகாணம் அது! ஸ்மால்ஸ் எதிர்த்துப் பேசினார், தோற்றார். ஆனால் அந்த சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

1915-ல், பிறந்த ஊரிலேயே இறந்தார். அவர் வசித்தது, போர்க்காலத்தில் ஏலத்தில் வாங்கிய பழைய முதலாளியின் வீட்டில். பறிபோன ஓட்டுரிமை முழுதாகத் திரும்பியது 1965-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான்.

2023-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலின் பெயரை 'ராபர்ட் ஸ்மால்ஸ்' என்று மாற்றியது. அந்தக் கப்பலின் பழைய பெயர், தென் மாகாணப் படை வென்ற ஒரு போரின் பெயர்.