அவகாசமில்லை என்பார்க்கு ஒரு வரலாறு

நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் சொற்களுள் அவகாசமில்லை என்பது ஒன்று. நல்ல காரியம் எதையேனும் தொடங்கும்படி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அது வேண்டாத காரியம் என்று அவர் கூறமாட்டார். அவசியந்தான், செய்ய வேண்டியதுதான் என்று தலையசைத்து ஒப்புக்கொள்வார். ஆனால் இப்போது உத்தியோகத் தொல்லை அதிகம். பெண்ணின் கல்யாணம் முடியட்டும். பையன் பரீட்சையில் தேறட்டும். உபகாரச் சம்பளம் வாங்குங் காலம் வந்துவிட்டால் முழுநேரமும் அதற்கே என்று சொல்லி நம்மை அனுப்பிவிடுவார். மறுப்பவனோடு வாதாடலாம், ஒப்புக்கொண்டு ஒத்திப்போடுகிறவனோடு எவ்வாறு வாதாடுவது? பகைவரின் எதிர்ப்பினால் கெட்ட நற்காரியங்கள் சில; நண்பரின் தாமதத்தால் கெட்டவை பல.

இந்தச் சாக்குக்கு மறுமொழியாக நீண்ட உபதேசம் வேண்டுவதில்லை. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்களின் வரலாறு ஒன்றே போதும். செல்லரித்துப் போகவிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சிட்டவர் அவர் என்பதைத் தமிழ் படித்தவர் யாவரும் அறிவர். ஆனால் அவர் அந்தப் பணியை எந்த நிலைமையில் தொடங்கினார், அதற்கென்று அவருக்கு எவ்வளவு அவகாசம் இருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பவர் சிலரே.

ஐயரவர்கள் 1855-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி பிறந்தார். தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், செல்வமில்லாதவர். பிள்ளையின் தமிழ்ப் பசியைத் தீர்ப்பதற்காக அவர் குடும்பத்தோடு ஊர் ஊராய்க் குடிபெயர்ந்தார். முடிவில் 1871-ல் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஐந்து வருஷகாலம் அந்தப் பெரியாரின் நிழலில் அந்தாதிகளும், கலம்பகங்களும், பிள்ளைத்தமிழ்களும், தல புராணங்களும் பாடங் கேட்டார் ஐயர். 1876-ல் பிள்ளையவர்கள் காலமான பின்னர்த் திருவாவடுதுறை ஆதீன கர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலேயே இருந்து வந்தார். 1880-ம் வருஷம் பிப்ரவரியில், கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அந்த ஸ்தானம் ஐயருக்குக் கிடைத்தது. சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய்.

வயது இருபத்தைந்து. கௌரவமான உத்தியோகம், மடத்தின் மதிப்பு, மாணாக்கர் கூட்டம், தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் காப்பாற்றப் போதிய வருமானம். இந்நிலையை அடைந்த பின்னும் தம் வாழ்க்கை மாறவேண்டும் என்று எவன் கருதுவான்? கற்றதைக் கற்பித்துக்கொண்டு முப்பது வருஷங்களை இனிதாகக் கழித்திருக்கலாம். அதில் குற்றம் கண்டிருப்பாரும் இரார்.

நிற்க. அவ்வருஷம் அரியலூரிலிருந்து சேலம் இராமசாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றப்பட்டு வந்தார். அவர் ஐயருக்கு ஏறக்குறைய ஒத்த பிராயத்தினர். ஆங்கிலக் கல்வியோடு தமிழில் ஆழ்ந்த பற்றுடையவர். தேசிகர் சொல்லியபடி ஐயர் அவரைக் காணச் சென்ற நாள் 1880-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி. என்ன என்ன நூல்கள் வாசித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா, சிலப்பதிகாரம் தெரியுமா என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடஞ் சொன்னதில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அப்பொழுது ஐயரிடம் எத்தனை சாக்குகள் தயாராக இருந்தன! என் ஆசிரியரே படிக்காத நூலை நான் எங்ஙனம் படிப்பது என்று கேட்டிருக்கலாம். சைவ மடத்து வித்துவானுக்குச் சமண காவியம் எதற்கு என்றிருக்கலாம். காலேஜில் சேர்ந்து ஒரு வருஷங்கூட நிரம்பவில்லை, வேலை பழகட்டும் என்றிருக்கலாம். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. சாக்குகளின் வலிமையே அதுதான். அவை பெரும்பாலும் உண்மையாயிருக்கும். ஐயர் அவற்றுள் ஒன்றையும் எடுக்கவில்லை. புத்தகம் கிடைத்தால் படித்து அறிந்துகொள்ளும் துணிவு தமக்கு உண்டென்று தெரிவித்தார். முதலியார் சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். அதை இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

தொடங்கினார்கள் என்று எழுதுவது எளிது. ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இராது. செய்யுள் எது, உரை எது என்ற பிரிவின்றி இரண்டும் தொடர்ந்து செல்லும். நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோள்களை அள்ளி வீசிச் செல்வார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று சொல்லமாட்டார். சமண சமயக் கொள்கைகளோ ஐயருக்கு முற்றும் புதியவை. இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு தொடங்குவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. தெரியாத இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே சென்றார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களுடைய வீடுகளுக்குச் சென்று, தம்மினும் கல்வியிற் குறைந்தவர்களிடமும் கூச்சமின்றிச் சந்தேகங் கேட்டார். பகலெல்லாம் காலேஜில் பாடம். வீடு திரும்பினால் தனியே பாடங்கேட்க வரும் மாணாக்கர். எஞ்சிய இரவு நேரமே சிந்தாமணிக்கு உரியது. விடுமுறை நாட்கள் ஓய்வுக்கு அல்ல, சுவடி தேடும் பிரயாணத்துக்கு என்று ஆயின.

உரையில் வரும் மேற்கோள்களைத் தேடிக்கொண்டு அவர் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையைத் துருவியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அடங்கிய சுவடிகள் அங்கேயே அகப்பட்டன. எந்த மடத்தில் அவர் வருஷக்கணக்காக வசித்தாரோ அந்த மடத்திலேதான் அவை கட்டுண்டு கிடந்தன! நாம் தேடாதவரையில் நம் வீட்டிலுள்ள புதையலும் நமக்குப் புதையலன்று.

இதனோடு சேர்த்து அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டுச் சுவடியை, பிள்ளையவர்கள் இருந்த காலத்தில், ஐயரவர்கள் அதே மடத்தில் பார்த்திருந்தார். அக்காலத்தில் அவருடைய மனம் அத்தகைய நூல்களிற் செல்லவில்லை. எடுத்துப் படிக்கவும் இல்லை; பிரதி செய்யவும் இல்லை. பின்னர் ஆவல் மிகுந்து தேடியபொழுது அந்தச் சுவடி அங்கே இல்லை. தமிழ் நாடெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. இன்று அக்காப்பியத்தில் நமக்கு எஞ்சியிருப்பவை பிற நூல்களிலிருந்து திரட்டிய சில பாடல்களே. இதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னவர் ஐயரவர்களே. பிற்காலத்தில் அவர் ஒரு சுவடி இருக்கிறதென்று கேள்வியுற்றால் அடுத்த விடுமுறைக்கே மூட்டை கட்டிப் புறப்பட்டதன் காரணம் இதனால் நன்கு விளங்கும்.

அவசரத்துக்குக் காரணம் எங்கும் கண்முன் இருந்தது. ஏடு கல்வெட்டன்று. கரையானுக்கும் செல்லுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட குடும்பங்கள் உண்டு. அடுப்பில் இட்டவர்களும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் உள்ளன என்று கேட்டு ஆவலோடு சென்ற ஐயருக்கு, அவை நெய்யோடு அக்கினியில் ஆகுதி செய்யப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. சில வருஷங்கள் முந்தியிருந்தால் என்று ஏங்குவதைத் தவிர அங்கே அவர் செய்யத்தக்கது என்ன இருந்தது? நாளை செய்வோம் என்று நாம் ஒத்திவைக்கும் காரியம், நாளை வரையில் நமக்காகக் காத்திருக்கும் என்று உறுதி கூறியவர் யார்?

பொருட் கஷ்டமும் சிறிதன்று. ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் ஒரு பெருங்காவியத்தை உரையோடு அச்சிடுவதென்றால் காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் எங்கே போவது? கையொப்பம் வாங்கினார், கடன் பட்டார். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் இடையே அலைந்து அச்சுத் தாள்களைத் திருத்தினார். சமண நூலை இவர் பதிப்பிப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஏழு வருஷ உழைப்பின் முடிவில், 1887-ல், சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. ஐயருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

அந்த வருஷத்தை நன்கு கவனிக்க வேண்டும். தம்மை வளர்த்து ஆதரித்த சுப்பிரமணிய தேசிகரும், காலேஜ் உத்தியோகத்தைத் தேடித்தந்த தியாகராச செட்டியாரும் 1888-ல் காலமானார்கள். இராமசாமி முதலியார் பின்னர்ச் சென்னையில் வக்கீலாக விளங்கினார். 1885-ல் இந்தியாவின் குறைகளை ஆங்கில நாட்டுப் பொதுஜனங்களிடம் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் ஒருவராகவும் இருந்தார். அவரும் 1892-ல் மறைந்தார். சிந்தாமணியையும், 1889-ல் வந்த பத்துப்பாட்டையும் அச்சில் காணும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. ஐயர் சில வருஷங்கள் ஒத்திப்போட்டிருந்தால், புத்தகம் ஒருவேளை வந்திருக்கும். கண்டு மகிழ வேண்டியவர்கள் இருந்திரார்கள். காலம் ஏட்டை மட்டும் அரிப்பதில்லை, மனிதரையும் அரிக்கிறது.

ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வேலை தொடர்ந்தது. 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை, 1903-ல் ஐங்குறுநூறு. அந்த 1903-ம் வருஷத்தில் அவர் சென்னை இராசதானிக் கலாசாலைக்கு மாற்றப்பட்டார். 1904-ல் பதிற்றுப்பத்தும், 1918-ல் பரிபாடலும் வந்தன. அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றது 1919-ல்.

இந்த அட்டவணையை உபகாரச் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் அன்பர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். சிந்தாமணி முதல் பரிபாடல் வரையில் மேலே கூறிய எட்டு நூல்களும், தினந்தோறும் காலேஜுக்குப் போய்ப் பாடஞ் சொல்லிச் சம்பளம் வாங்கிய ஒருவர், அந்த உத்தியோகத்தின் இடையே வெளியிட்டவை. ஓய்வு வரட்டும் என்று அவர் இருந்திருந்தால் அறுபத்து நான்காம் வயதில் சிந்தாமணியின் முதல் ஏட்டை அவிழ்த்திருப்பார். அதற்குள் எத்தனை ஏடுகள் மண்ணாயிருக்கும்! ஓய்வு வந்த பின்பும் அவர் ஓயவில்லை. 1924-ல் பெருங்கதை வெளிவந்தது. 1937-ல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையைத் தம் உரையோடு வெளியிட்டார். இளமையில் அவகாசமில்லை என்று சொல்லிப் பழகியவனுக்கு முதுமையில் சக்தியில்லை என்பது தானே வாயில் வந்துவிடும். இளமையில் தொடங்கிப் பழகியவனுக்கோ முதுமையும் வேலை செய்யும் பருவமாகவே அமைகிறது.

1940-ல் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். அதனை முடிக்கும் முன்பே 1942-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி திருக்கழுக்குன்றத்தில் உயிர் நீத்தார். எண்பத்தேழு வருஷம் வாழ்ந்து, ஒரு நாளையும் வீணாக்காதவருக்கே ஒரு நூலை முடிக்கக் காலம் போதவில்லை. நமக்கு எவ்வாறு போதும்? அவர் திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் பாதுகாக்க 1943-ல் அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

ஐயரவர்களைப் போன்ற பேருழைப்பு எல்லோர்க்கும் கைகூடாது என்று சிலர் கூறலாம். அது மற்றொரு சாக்கு. அவருடைய புலமையை நாம் கடன் வாங்க முடியாது. ஆனால் அவர் தொடங்கிய விதத்தை யாரும் கைக்கொள்ளலாம். அவருக்கு அறுபது நாழிகைக்கு மேல் ஒரு நாளில் ஒரு விநாடியும் மிகுதியாகக் கிடைக்கவில்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டு வரவில்லை. பணம் சேரட்டும், அறிவு நிரம்பட்டும், தடை சொல்வோர் அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. எஞ்சிய நேரம் எவ்வளவோ அவ்வளவில், கையிற் கிடைத்த ஒரு பிரதியைக் கொண்டு, தெரிந்த அளவில் தொடங்கினார். அறிவும் துணையும் பொருளும் வேலையின் பின்னால் வந்து சேர்ந்தன. முன்னால் வந்து வாயிலில் நிற்கவில்லை.

தம் வாழ்க்கையைத் திருத்திக்கொள்ள நினைப்பவரும், ஊருக்கு உழைக்க நினைப்பவரும், கற்க விரும்பியதைக் கற்காமல் இருப்பவரும் இன்றிரவு ஒரு நாழிகையை அதற்கென ஒதுக்கட்டும். நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. தனக்குரிய வளையாபதி எந்தப் பரணில் கிடக்கிறது என்பது அவனவனுக்குத் தெரியும். கரையான் இன்று இரவும் தன் வேலையைச் செய்யும். நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.