வாயிலில் தடுக்கப்பட்ட மேதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் ஏழை எளிய மக்கள் இலட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். வறுமையும் அரசியல் அடக்குமுறையும் சமயப் பகையும் அவர்களைப் பிறந்த மண்ணினின்றும் பெயர்த்தன. நியூயார்க் துறைமுகத்தில் காசில் கார்டன் என்னும் நிலையம், 1855 முதல் 1890 வரை, 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து நாட்டினுள் அனுப்பியது. அந்நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட இருந்த ஓர் இளைஞரே, பின்னாளில் மின்பொறியியல் மேதையாகப் புகழ்பெற்ற சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் ஆவார்.

அவர் 1865 ஏப்ரல் 9-ஆம் நாள், அன்றைய பிரஷ்யாவைச் சேர்ந்த பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இரயில்வே ஊழியர். தாய், இவர் குழந்தையாக இருக்கும்போதே இறந்தார். தந்தைக்கும் பாட்டனாருக்கும் இருந்த முதுகுக் கூன் இவருக்கும் பிறப்பிலேயே வாய்த்தது. வளர்ந்த பின்னும் நான்கடி உயரமே இருந்தார். ஆயினும் கணிதத்தில் அவருக்கு நிகராவார் அரியர்.

பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தை நெருங்கிய வேளையில், தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய சோஷலிஸ்ட் இயக்கத்தில் ஈடுபட்டார். பிஸ்மார்க்கின் அரசு அவ்வியக்கத்தின் மீது கடுஞ்சட்டம் இயற்றியிருந்தது. சிறைப்படும் நிலை நேரவே, 1888-இல் பட்டம் பெறாமலே சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றார். மறுஆண்டு, ஆஸ்முசென் என்னும் மாணவ நண்பருடன் கப்பலின் மலிவான அடித்தட்டில் அமெரிக்கா புறப்பட்டார்.

தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது, பொதுமக்களுக்குச் சுமையாகக் கூடியவரை உள்ளே விடலாகாது என்பது 1882-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அதிகாரிகள் ஸ்டைன்மெட்ஸின் கூனைக் கண்டனர், வெறுங்கையைக் கண்டனர், ஆங்கிலம் அறியாமையைக் கண்டனர். தலைக்குள் இருந்த கணிதத்தை அளக்கும் கோல் அவர்களிடம் இல்லை. திருப்பி அனுப்பவே எண்ணினர். அப்போது ஆஸ்முசென் முன்வந்து, இவரைப் பேணும் பொறுப்பு தம்முடையது எனப் பிணை நின்றார். அதன் பின்னரே கதவு திறந்தது.

யாங்கர்ஸ் நகரில் ஐக்மேயர் என்பாரின் தொழிற்சாலையில், வாரம் 12 டாலர் ஊதியத்தில் வரைபடப் பணி கிடைத்தது. ஐக்மேயரும் ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவரே. அங்கே ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஸ்டைன்மெட்ஸ், 1892-இல் காந்தத் தயக்க விதியை வெளியிட்டார். மின்பொறிகளின் இரும்புப் பகுதியில் காந்தம் திசை மாறுந்தோறும் ஓரளவு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அவ்விழப்பைப் பொறி செய்யுமுன்னரே கணக்கிட அவ்விதி வழிகாட்டியது. மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளையும் அவர் எளிமையாக்கினார். பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்து, ஷெனெக்டடி நகரில் வாழ்ந்து, ஏறத்தாழ 200 காப்புரிமைகளைப் பெற்றார். ஆய்வுக்கூடத்தில் செயற்கை மின்னலையும் உண்டாக்கிக் காட்டினார்.

புகழுற்ற பின் அவர் தாம் வந்த வழியை மறந்தாரல்லர். 1902 முதல் யூனியன் கல்லூரியில் மாணவர்க்குக் கற்பித்தார். 1911 தேர்தலில் சோஷலிஸ்டுகள் நகராட்சியைக் கைப்பற்றியதும், நகரக் கல்விக் குழுவில் இடம்பெற்று அதன் தலைவரானார். குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள், மாணவர்க்கு இலவசப் பாடநூல்கள், பள்ளியில் உணவு, மருத்துவக் கவனிப்பு ஆகியவற்றுக்கு வழிவகுத்தார். மொழியறியாது வந்து நிற்கும் பிள்ளையின் தவிப்பை அவர் பட்டறிந்திருந்தார் அன்றோ! 1923 அக்டோபர் 26-ஆம் நாள் தமது 58-ஆம் வயதில் மறைந்தார்.

இளைஞர்களே! பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் வாயிற்காவலரை நம் சமுதாயம் நன்கறியும். ஸ்டைன்மெட்ஸின் அறிவு கப்பலிலேயே அவருடன் இருந்தது. அதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது. 1913-இல் அதே நியூயார்க்கில் பயில வந்த அண்ணல் அம்பேத்கருக்கும் பரோடா மன்னரின் உதவித்தொகை துணை நின்றது. கல்விச் சங்கம் என்பதும் ஏழை மாணவனுக்கு நாம் கூடி நிற்கும் பிணையே. அப்பிணையால் உள்ளே நுழைந்தவர், தமக்குப் பின் வருவோர்க்குக் கதவைத் திறந்து வைப்பது கடனாகும்.