தேர்வில் தவறிய கணித மேதை

குடந்தை க்ஷேத்திரத்தில் ஸ்ரீ சார்ங்கபாணிப் பெருமாள் திருக்கோயிலின் ஸந்நிதித் தெருவில் சிறியதோர் ஓட்டு வீடு உண்டு. உத்ஸவ காலங்களில் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்களில் பலர் அவ்வீட்டைக் கவனியாமலேயே கடந்து செல்வர். கணித உலகம் முழுதும் போற்றும் ஸ்ரீமான் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் வளர்ந்த இல்லம் அது. இன்று நினைவில்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பரீக்ஷையில் தவறிய பிள்ளைகளைத் தேற்றும் பெரியோர், அப்பிள்ளைகளுக்கு இம்மகானின் சரிதத்தை எடுத்துச் சொல்லுவது வழக்கம். அவரும் தவறியவரே, தோல்வியே அவரை உயர்த்தியது என்பர். தேற்றும் எண்ணம் நல்லதே. ஆயினும் சரிதத்தை உள்ளபடி நோக்கினால் விஷயம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. தோல்வி அவருக்கு எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்கவில்லை என்பதை அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் ஆராய வேண்டும்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி, வியாழக்கிழமை, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் ராமாநுஜன் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் குடந்தையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர், பிள்ளையின் மீது உயிரையே வைத்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரே அக்குடும்பத்தின் குலதெய்வம். தம் உள்ளத்தில் தோன்றிய சூத்திரங்கள் யாவும் அத்தாயாரின் அநுக்கிரகம் என்று ராமாநுஜன் பிற்காலத்தில் கூறி வந்ததைப் பலரும் கேட்டுள்ளனர்.

குடந்தை டவுன் ஹைஸ்கூலில் அவர் எல்லாப் பாடங்களிலும் சிறந்த மாணவராகவே விளங்கினார். 1903-ஆம் ஆண்டில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிச் செல்லும் நூல் அது. நிரூபணங்கள் மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை. ராமாநுஜன் ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அன்று பற்றிய தீ பின்னர் அணையவே இல்லை. காகிதம் விலை மிகுந்த பொருளாகையால் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பார். வழி அழிந்தது, விடை நின்றது. இப்பழக்கம் பின்னால் அவருக்குப் பெரும் இடையூறாயிற்று.

1904-ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பைப் பரிசுடன் முடித்து, உபகாரச் சம்பளம் பெற்றுக் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. கட்டணம் செலுத்த வழியற்ற குடும்பம் அது. 1905-ஆம் ஆண்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார், பின்பு மீண்டார். 1906-ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோயும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் எஃப்.ஏ. பரீக்ஷை எழுதித் தவறினார். 1907-ஆம் ஆண்டு தனியாக எழுதி மறுபடியும் தவறினார். கணிதத்தில் குறைவில்லை. உடலியல் முதலிய பிற பாடங்களே அவரைக் கவிழ்த்தன. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றித் தேர்ச்சி இல்லை என்பது அக்கால விதி.

இத்தோல்விகள் அவருக்கு என்ன கற்பித்தன? அடியேனுக்குத் தோன்றுவதைச் சொல்லுகிறேன்: ஒன்றும் கற்பிக்கவில்லை. முதன்முறை ஆங்கிலத்தில் தவறியவர் பாடத்தைத் திருத்திக்கொண்டு தேறினாரா என்றால், இல்லை. கல்லூரியும் அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரே செய்தியை மூன்று முறை அறிவித்ததோடு அது நின்றுவிட்டது. கல்லூரியை விட்டு நீங்கியதால் அல்லவா நோட்டுப் புத்தகங்களை நிரப்ப ஓய்வு கிட்டியது என்று வாதிப்போரும் உளர். அந்த ஓய்வு பசியோடு வந்த ஓய்வு என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1909-ஆம் ஆண்டு ஜானகி அம்மாளுடன் விவாஹம் நடந்தது. மணமகளுக்கு அப்போது பத்து வயதுதான். குடும்ப பாரம் ஏற்பட்டபின், நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். பட்டமோ தேர்ச்சியோ காட்ட முடியாதவர் காட்டக்கூடியது அந்தப் புத்தகங்களே. திருக்கோவலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவரும், 1907-ஆம் ஆண்டு இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவருமான வி. ராமஸ்வாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். தாலுகா ஆபீசில் சிறு உத்தியோகம் கொடுத்து அந்த ஞானத்தைப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பேராசிரியர் சேஷு ஐயர் நெல்லூர்க் கலெக்டர் ராமசந்திர ராவிடம் வழிகாட்டினார். ராவ் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்தே கொடுத்து ஆதரித்தார். 1911-ஆம் ஆண்டு கணித சங்கத்தின் பத்திரிகையில் ராமாநுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் பலகையும் கையுமாக அமர்ந்திருப்பர்.

பின்னர் அவருடைய ஆராய்ச்சிகள் சீமைப் பண்டிதர்களுக்குச் சென்றன. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்ஸன் ஆகிய இருவரிடமிருந்தும் ஊக்கம் கிட்டவில்லை. லண்டன் பேராசிரியர் ஹில் மட்டும் 1912-ஆம் ஆண்டு இறுதியில் விரிவாகப் பதில் எழுதினார். முடிவற்ற தொடர்களைக் கையாளுவதில் ராமாநுஜன் எங்கே வழுக்குகிறார் என்று காட்டி, அதற்கு எந்நூலைப் படிக்க வேண்டும் என்பதையும் சொன்னார். இரண்டும் மறுப்பே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வேத பாடசாலையில் பயின்றோர் இவ்வேற்றுமையை எளிதில் அறிவர். அத்யயனத்தில் ஸ்வரம் பிசகினால் ஆசார்யர் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அங்கேயே நிறுத்தி, பிசகிய இடத்தைச் சுட்டி, தாம் ஒருமுறை சொல்லி, சிஷ்யனை இருமுறை சொல்ல வைப்பார். பிசகு அவ்விடத்திலேயே பாடமாகி விடுகிறது. பிசகினாய் என்று மட்டும் சொல்லி வெளியே அனுப்பினால் சிஷ்யனுக்கு மிஞ்சுவது அவமானம் ஒன்றே.

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஹார்டிக்கு ராமாநுஜன் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள், பெரும்பாலும் நிரூபணமின்றி. ஹார்டி நண்பர் லிட்டில்வுட்டுடன் ஆராய்ந்து, எழுதியவர் மகா மேதை என்று தெளிந்தார். நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார். முழங்கையால் அழித்த பலகை இங்கேதான் குறுக்கே நின்றது. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், எஃப்.ஏ. கூடத் தேறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. விதி இடங்கொடுக்கவில்லை, ஆயினும் விதியைத் தளர்த்தினர். அவரைத் தவறவிட்ட பரீக்ஷையும் அப்பல்கலைக்கழகத்தினுடையதே.

ஸமுத்திர யாத்திரைக்குத் தாயார் முதலில் இசையவில்லை. ராமாநுஜன் நாமக்கல் சென்று தாயார் ஸந்நிதியில் தங்கி உத்தரவு பெற்றார் என்றும், கோமளத்தம்மாளுக்கே கனவில் ஆணை பிறந்தது என்றும் இரு விதமாகச் சொல்லப்படுகிறது. குடுமியை நீக்கிக்கொண்டு 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார்.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெரும் பிழை இருந்தது. தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் வகுபடாதது பகா எண். நூறுக்குள் 25, ஆயிரத்துக்குள் 168 பகா எண்கள் உண்டு. எந்த எல்லைக்குள்ளும் எத்தனை என்பதை ஏறக்குறையத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரத்தைத் தாம் கண்டதாக ராமாநுஜன் நம்பினார். சிறிய எண்களில் அது வியக்கத்தக்க வகையில் பொருந்தியது. எண் பெருகப் பெருகப் பிழை அவர் எண்ணியவாறு அடங்கி நிற்காது என்பதே உண்மை. அதன் காரணம் கலப்பெண் சார்புகள் என்னும் துறையில் ஒளிந்திருந்தது. அத்துறை ஒன்று இருப்பதையே அவர் அறிந்திலர். கார் நூல் அதைக் கற்பிக்கவில்லை, கற்பிக்க வல்ல ஆசிரியரும் அவருக்கு வாய்க்கவில்லை. இத்தோல்வியை அவருடைய வெற்றிகளிலும் அதிசயமானதாக ஹார்டி மதித்தார்.

பிழை தெரிந்ததும் ஹார்டி அவரைப் பாடசாலைப் பிள்ளைபோல் முதலிலிருந்து தொடங்கச் செய்யவில்லை. அவருடைய ஊற்று வற்றிவிடுமோ என்று அஞ்சினார். வேண்டிய இடத்தில் வேண்டியதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். அதன் பலன் 1918-ஆம் ஆண்டு வெளிவந்தது. நான்கு லட்டுகளைக் குவியல்களாகப் பிரித்து வைக்க ஐந்து வழிகள் உண்டு: நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டிரண்டாக, இரண்டும் ஒன்றும் ஒன்றும், தனித்தனியே நான்காக. எண்ணை இருநூறாக உயர்த்தினால் வழிகள் 39,72,99,90,29,388. மக்மஹான் என்பவர் கையாலேயே கணக்கிட்டு இதனைக் கண்டார். ஹார்டியும் ராமாநுஜனும் சேர்ந்து அமைத்த சூத்திரம் அதே எண்ணைத் தந்தது. அச்சூத்திரத்தை நிறுவ உதவிய கருவி, முன்பு பகா எண் விஷயத்தில் ராமாநுஜன் அறியாமல் தவறினாரே, அதே கலப்பெண் சார்புத் துறைதான்.

இப்படிக் கூறுவதால் துன்பமெல்லாம் நன்மைக்கே என்று முடிவு கட்டிவிடலாகாது. யுத்த காலக் குளிர், தானே சமைத்துண்ணும் நியமம், காய்கறிப் பஞ்சம் ஆகியவற்றால் 1917-ஆம் ஆண்டு முதல் நோயுற்று ஆரோக்கிய நிலையங்களில் கிடந்தார். அவ்வாண்டு டிரினிடியின் பெல்லோ பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டு நிராகரிக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மனம் உடைந்து லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார். பகவத் ஸங்கல்பத்தால் வண்டி நிறுத்தப்பட்டு உயிர் தப்பினார். அந்தத் தோல்விகள் அவருக்கு எதைக் கற்பித்தன என்று எவரும் கேட்கத் துணியார். அவ்வாண்டிலேயே ராயல் சொஸைட்டியின் பெல்லோ ஆனதும், அக்டோபரில் டிரினிடியும் அவரை ஏற்றுக்கொண்டதும் நல்ல செய்திகள். உடல்தான் அவற்றுக்குக் காத்திருக்கவில்லை.

1919-ஆம் ஆண்டு மார்ச்சில் தாயகம் திரும்பினார். 1920-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில் பரமபதித்தார். கடல் கடந்தவர் என்பதால் ஆசாரம் மிக்க உறவினர் பலர் அந்திமக் கிரியைக்கு வரவில்லை. வைதிகனாகிய அடியேன் இதை எழுத மனம் கூசுகிறது. எழுதாமல் விட்டால் அதனிலும் கூசும்.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து ஜீவித்து, 1994 வரை வாழ்ந்தார். இறுதி ஆண்டில் ராமாநுஜன் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் சீமைக்குச் சென்று, கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976-ஆம் ஆண்டு டிரினிடி நூல்நிலையத்தில் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டெடுத்தார். போலித் தீட்டாச் சார்புகளின் உண்மை இயல்பு 2002-ஆம் ஆண்டில்தான் விளங்கியது. அப்பக்கங்களிலும் சூத்திரங்களே உள்ளன, வழி பெரும்பாலும் எழுதப்படவில்லை.