சுப்பராம தீக்ஷிதர்

கர்நாடக சங்கீதம் செவிவழி வந்த செல்வமாதலின், வல்லார் மறையுந்தோறும் பாட்டுக்கள் பலவும் உடன்மறைந்தமை நாம் அறிந்ததே. அக்குறையை நீக்க முன்வந்தோருள் தலைசிறந்தவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீக்ஷிதர். 1839-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், தாய்வழிப் பாட்டனாராகிய பாலுஸ்வாமி தீக்ஷிதருக்கு மகனாய் வளர்ந்தார். குலதனமாகிய வித்தையை அச்சேற்ற முதலில் தயங்கினாராயினும், கிறிஸ்தவ அன்பராகிய சின்னசாமி முதலியார் வேண்ட, அரசரும் பணிக்க, இசைந்தார். வீணையின் மெட்டுக்களில் தந்தியை இழுத்தும் அசைத்தும் எழுப்பும் கமகங்கள் ஸ்வர எழுத்துக்களால் மாத்திரம் விளங்கா. ஆதலின் அவற்றிற்குத் தனித்தனிக் குறிகள் வகுத்து, முத்துஸ்வாமி தீக்ஷிதர் கிருதிகள் 200-க்கு மேற்பட்டவற்றை அமைத்து, ‘ஸங்கீத ஸம்பிரதாயப் பிரதர்சினி’யைத் தெலுங்கெழுத்தில் 1904-இல் வெளியிட்டார்; 1906-இல் காலஞ்சென்றார். தாம் பெற்றதைப் பூட்டிவையாது பிறர்க்கீந்த அப்பெருந்தகைமையை, மாணாக்கராகிய நாம் மறவாதிருப்போமாக.