அரண்மனையில் ஒரு மூட்டுநோயாளர்

யாழ்ப்பாணத்து மணிக்கூட்டுக் கோபுரம், 1875 இல் இலங்கைக்கு வந்த இளவரசர் அல்பேட் எட்வேட்டின் நினைவாக எழுந்தது. அவருடைய கடைசித் தம்பியாரை இங்கு அறிந்தார் சிலரே. விக்டோறியா மகாராணியாருக்கு 1853 இல் பிறந்த லியோபோல்ட் என்பவர் அவர். ஹீமோபீலியா என்னும் குருதி உறையாநோய் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

இந்நோயாளருக்கு வெட்டுக்காயமே பகை என்று பலர் எண்ணுவர். உண்மையில் இடையறாது வருத்துவது மூட்டேயாம். சிறிது இடறினும் முழங்காலினுள்ளே குருதி கசியும். மூட்டு வீங்கிக் கனலும். பன்னாள் படுக்கையே கதியாகும். கசிவு பலகால் நிகழ, எலும்புமுனையைப் போர்த்த குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு முடங்கும். இக்காலத்தார் குறைபட்ட உறைகாரணியை ஊசியால் ஏற்றி மூட்டைக் காக்கின்றனர். அவர் காலத்தில் அஃதில்லை.

அன்னையாரோ அவரைக் கண்ணாடிப் பாத்திரம்போலப் பொத்திவைத்தார். அக்காவல் நோயினுங் கொடிது என்பது எம் கருத்து. வாதாடி இசைவு பெற்றே 1872 இல் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலை புகுந்தார். பின்னர்க் குடியேற்ற நாடொன்றின் தேசாதிபதிப் பதவியை விரும்பினார், தாயார் இணங்கவில்லை. 1882 இல் மணம் புரிந்தார். மறுவருடம் பெண்மகவு பிறந்தது.

1884 பெப்ரவரியில், குளிரால் மூட்டுவலி மிக, வைத்தியர் சொற்படி பிரான்சின் கான் நகர் சென்றார். மனைவியார் கருவுற்றிருந்தமையால் உடன் செல்லவில்லை. மார்ச் 27 ஆம் நாள் அங்கே வழுக்கி வீழ்ந்தார், முழங்கால் அடிபட்டது. மறுநாட் காலையில் உயிர் நீத்தார். வயது முப்பதே.

யூலையிற் பிறந்த மைந்தருக்கு அந்நோய் இல்லை. மகள்வயிற்றுப் பேரர் ஒருவர் 1928 இல் அதற்கு இரையானார்.